நன்கொடைக் கடிதத்தில் மொத்தத் தொகைக்குப் பதில் ஒரு மாணவருக்கான செலவை எழுதுங்கள்

தமிழ்ப்பள்ளியில் பொம்மலாட்டம், அறிவியல் சோதனை என்று புதுமையாகப் பாடம் நடத்த முன்னாள் மாணவர் சங்கத்திடமோ ஊர்க்காரர்களிடமோ நிதி கேட்கிறீர்களா? "360 ரிங்கிட் தேவை" என்று எழுதாமல், "30 மாணவர்கள், ஒருவருக்கு 12 ரிங்கிட்" என்று எழுதுங்கள். அதன் கீழே அந்த 12 ரிங்கிட்டில் என்னென்ன வாங்கப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்.

மொத்தத் தொகையைப் பார்த்ததும் பலர் யாராவது பெரிய ஆள் தரட்டும் என்று ஒதுங்கிவிடுவார்கள். 12 ரிங்கிட் என்றால், இரண்டு பிள்ளைகளுக்கு நான் தருகிறேன் என்று கடைக்காரர்கூட முன்வருவார். பாதிப் பணம்தான் சேர்ந்தது என்றாலும் 15 பேருக்கான பொருளை வாங்கி, இருவருக்கு ஒன்றாகக் கொடுத்துப் பாடத்தைத் தொடங்கிவிடலாம். பினாங்கு என்றால் லிட்டில் இந்தியா துணிக்கடைகளில் வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள், பொம்மைக்கு அது போதும். கிடைத்தால் அந்தச் செலவைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள், கேட்கும் தொகை இன்னும் குறையும்.

பேருந்து வாடகை, புரொஜெக்டர் போன்றவற்றுக்கு இந்த வழி சரிவராது. பாதிப் பேருந்தை வாடகைக்கு எடுக்க முடியாதே! அவற்றுக்கு முழுத் தொகையையும் ஒரே நிறுவனத்திடம் கேட்பதுதான் நல்லது. அப்புறம், கொடுத்த நன்கொடையை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள நிறுவனங்கள் வரிக்கழிவு ரசீது கேட்கலாம். மலேசிய வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு அதைத் தர முடியும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சாதாரண ரசீது அதற்குச் செல்லாது.