வீணையை விமானக் கூரியரில் அனுப்ப: பெட்டியை இறுக்கிச் செய்யுங்கள்

வீணையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது தண்டியின் (நீண்ட கழுத்துப் பகுதி) அடியில் மாட்டியிருக்கும் சுரைக்காயைத் திருகிக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி, தண்டிக்குக் கீழே உள்ள காலி இடத்தில் வையுங்கள். பெட்டியையும் வீணையின் அளவுக்கு ஒட்டியே செய்யச் சொல்லுங்கள். விமானக் கூரியரில் பெரும்பாலும் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ-இல் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் 'கன எடை' உண்மையான எடையைவிட அதிகமானால், அதற்குத்தான் பணம். 140 செ.மீ நீளம், 45 செ.மீ அகலமுள்ள பெட்டியில் உயரம் 10 செ.மீ கூடினால் 12.6 கிலோ கூடிவிடும், அதுவும் வெறும் காற்றுக்கு! ஆனால் குடத்தை (வீணையின் பெரிய உருண்டைப் பகுதி) சுற்றி மட்டும் பஞ்சில் கஞ்சத்தனம் வேண்டாம். சுரைக்காயைக் கழற்றி வைத்திருந்தால் இடிபட்டு மரைப் பகுதி உடையும் பயமும் இல்லை.

தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். முழுக்க அவிழ்த்தால் தந்திகளைத் தாங்கும் குதிரை நகர்ந்துவிடும்.

கப்பலில் கட்டணம் பெரும்பாலும் கன மீட்டர் கணக்கு, அங்கே இந்த 5000 கணக்கு பொருந்தாது. தவிர, கன்டெய்னர் சூட்டில் மேளம் கட்டிய (மெட்டுகளைப் பதித்த) மெழுகு இளகிவிடலாம். யானைத் தந்த வேலைப்பாடுள்ள பழைய வீணையா? உரிய அனுமதி இல்லாமல் அனுப்பவே கூடாது.