பேஸ்பாலில் இரண்டாம் பேஸைக் காத்த ஜாம்பவான்களை ஒப்பிடுவது எப்படி?

மன்னார்குடியில் என்னிடம் பேஸ்பால் பழகும் பிள்ளைகள் பேட்டிங் சராசரியை, அதாவது பேட் பிடித்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் (அடித்துப் பேஸை எட்டுவது) என்பதை மட்டும் பார்த்து, ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பிதான் பெரியவர் என்று முடித்துவிடுகிறார்கள். முதலில் ஆண்டைப் பாருங்கள். குறுவைக் கண்டுமுதலைச் சம்பாவோடு அப்படியே ஒப்பிட்டு நம் விவசாயிகள் யாரும் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள்.

1901-இல் இன்னொரு ஜாம்பவான் நாப் லாஜ்வே .426 சராசரியில் அடித்தார். அப்போது அவர் ஆடிய அமெரிக்கன் லீகில், வீசி அடித்து வெளியே போகும் ஃபவுல் ஸ்டிரைக்காக (மூன்று சேர்ந்தால் பேட்டர் அவுட்) எண்ணப்படவில்லை. அந்த விதி அங்கே 1903-இல்தான் வந்தது. பேட்டருக்கு எவ்வளவு பெரிய சலுகை! ஹார்ன்ஸ்பி 1924-இல் .424 அடித்தபோது அந்தச் சலுகை இல்லை. ஆனால் 1920 முதல் எச்சில் தடவி வீசும் பந்துக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அழுக்கேறிய பந்துகளையும் உடனுக்குடன் மாற்றினார்கள். இவையும் பேட்டருக்குச் சாதகம்தான். எனவே அவரவர் ஆண்டின் லீக் சராசரியோடு வைத்துப் பாருங்கள்.

அடுத்து, சராசரியில் சேராதவற்றைக் கூட்டுங்கள். இங்கேதான் எடி காலின்ஸ் நிமிர்ந்து நிற்கிறார்: 3,315 ஹிட்டுகளோடு 741 பேஸ் திருட்டு (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), 512 தியாக அடி. தான் அவுட்டாகிச் சகாவை நகர்த்திய அந்த 512-ஐப் பிள்ளைகளின் நோட்டில் நானே அடிக்கோடிடுவேன்.

ஃபீல்டிங்கில் பிழைகளை மட்டும் எண்ணாதீர்கள். அன்றைய கையுறை மிகச் சிறியது. எத்தனை பந்துகளை எட்டினார் என்று பாருங்கள். என் கணக்கில் காலின்ஸ்தான் முதலிடம்.