ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கோளாறைச் சாலையில் ஓட்டிக் கண்டறியும் முறை

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கோளாறு என்று ஒரு கார் வந்தால், பெட்டியைக் கழற்றுவதா வேண்டாமா என்ற முடிவைச் சாலையில்தான் எடுக்க வேண்டும். பெட்டியைப் பிரித்து மேசைமேல் பரப்பினால் தேய்ந்த பாகம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது எந்தச் சூட்டில், எந்த வேகத்தில், எந்தக் கியரில் வழுக்கியது என்பதை ஓடும் வண்டி மட்டுமே காட்டும். அந்த விவரம் கையில் இல்லாமல் கிளட்ச் தட்டுகளை மாற்றிப் பூட்டினால், அவற்றைத் தேய வைத்த காரணம் உள்ளேயே தங்கிப் புதிய தட்டுகளையும் தேய்த்துவிடும்.

முதலில் வண்டியை வழக்கமாக ஓட்டுபவரிடம் விசாரிக்க வேண்டும். காலையில் முதல் ஓட்டத்திலா, நன்றாகச் சூடேறிய பிறகா? மேட்டில் ஏறும்போதா, சிக்னலில் நிற்கும்போதா? முடிந்தால் அவரையே சிறிது தூரம் ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பது நல்லது. அவருடைய கால் ஆக்சிலரேட்டரை அழுத்தும் விதத்தில் மட்டுமே தோன்றும் கோளாறுகள் உண்டு. நாம் ஓட்டினால் அவை மறைந்துவிடும்.

புறப்படும் முன்

ஆயில் மட்டம் சரியாக இல்லாத பெட்டியைச் சோதித்துப் பயனில்லை. டிப்ஸ்டிக் உள்ள பெரும்பாலான வண்டிகளில், சமதளத்தில் நிறுத்தி, ஆயில் சூடேறிய பின், என்ஜின் ஓடும்போதே மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பல மாடல்களில் மட்டும் என்ஜினை நிறுத்திய உடனே பார்ப்பது முறை. டிப்ஸ்டிக் இல்லாத புதிய பெட்டிகளில், தயாரிப்பாளர் சொல்லும் வெப்பநிலையில் அடியில் உள்ள மட்டத் திருகைத் திறந்து சரிபார்க்க வேண்டியிருக்கும். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். மிகுந்தால் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் அழுத்தம் விழுந்து ஒரே மாதிரி வழுக்கும். கருத்துக் கருகிய வாடை வீசினால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்தாற்போல் வெளிறிய சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் நீர் கலந்திருக்கிறது. நீர் கலந்த வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்லவே கூடாது.

அடுத்து ஸ்கேனரைப் பொருத்திப் பிழைக் குறியீடுகளைப் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். பி0700 என்பது கியர்பாக்ஸின் கணினி ஏதோ பிழையைப் பதிந்திருக்கிறது என்ற அறிவிப்பு மட்டுமே. உண்மையான குறியீடு அந்தக் கணினிக்குள் இருக்கும். பி0731 முதல் கியரின் விகிதம் பொருந்தவில்லை என்பதையும், பி0741 டார்க் கன்வர்ட்டரின் லாக்அப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்கின்றன. என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியே பெட்டிக்குக் கடத்துவது டார்க் கன்வர்ட்டர்; சீரான ஓட்டத்தில் அதன் இரு பக்கங்களையும் நேராகப் பூட்டும் கிளட்ச்தான் லாக்அப். படித்தவுடன் அவற்றை அழிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிழை தோன்றிய நொடியில் பதிவான வேகம், ஆர்பிஎம், வெப்பநிலை ஆகியவையும் சேர்ந்து அழிந்துபோகும். பெட்டி கற்றுவைத்திருக்கும் கியர் மாற்ற அளவுகளையும் இந்தக் கட்டத்தில் ரீசெட் செய்யக் கூடாது. செய்தால் நல்ல பெட்டியே சிறிது தூரத்துக்கு முரட்டுத்தனமாக மாறும், பழைய கோளாறு எது, புதியது எது என்று பிரிக்க முடியாது.

என்ஜின் சீராக ஓடுகிறதா, என்ஜின் மவுண்ட் கிழிந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். சரியாக எரியாத ஒரு சிலிண்டரும் கிழிந்த ஒரு மவுண்டும் கியர்பாக்ஸ் கோளாறு போலவே நடிக்கும்.

நின்ற இடத்தில்

பிரேக்கை அழுத்தியபடி லீவரை 'என்' நிலையிலிருந்து 'டி'க்கும், பிறகு 'என்' நிலையிலிருந்து 'ஆர்'க்கும் மாற்றி, கியர் பிடிக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். பொதுவாக ஒன்றரை வினாடிக்குள் மெல்லிய அசைவுடன் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் தாமதமானால் ஆயில் மட்டம், ஃபில்டர், பம்ப் ஆகியவற்றின் மேல் சந்தேகம் கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் தாமதமானால் அந்தத் திசைக்குரிய கிளட்ச் அல்லது அதன் சீல் காரணமாக இருக்கும். குளிர்ந்தபோது மட்டும் தாமதித்துச் சூடேறியபின் சரியாகிவிட்டால், இறுகிப்போன ரப்பர் சீல்களை முதலில் நினைக்க வேண்டும். சூடேறிய பின் மோசமானால் நிலைமை வேறு: நீர்த்துப்போன ஆயில் தேய்ந்த இடைவெளிகள் வழியே கசிந்து அழுத்தத்தை இழக்கிறது.

பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து முழுவதும் அழுத்திப் பார்க்கும் ஸ்டால் சோதனையை நான் எளிதில் பரிந்துரைப்பதில்லை. தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டும், ஐந்து வினாடிக்கு மேற்படாமல், முன்னே ஆளில்லாத இடத்தில் செய்யலாம். அந்தச் சில வினாடிகளில் ஆயில் கடுமையாகச் சூடேறும். ஏற்கெனவே நலிந்த பெட்டி அதோடு முடிந்துபோகவும் கூடும்.

சாலையில்

போக்குவரத்து குறைந்த, சமதளமும் ஒரு மேடும் உள்ள பாதையைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டுபவர் ஒருவர், ஸ்கேனரைப் பார்த்துக் குறிப்பெடுப்பவர் இன்னொருவர் என இருவர் செல்ல வேண்டும்; ஓட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பது ஆபத்து. குளிர்ந்த நிலையில் ஒரு சுற்றும், ஆயில் முழுச் சூட்டை அடைந்தபின் ஒரு சுற்றும் ஓட்டினால்தான் சோதனை முழுமையாகும்.

ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்திப் புறப்பட்டு ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணுங்கள். ஆறு கியர் பெட்டியில் ஐந்து மாற்றங்கள் வரும். டார்க் கன்வர்ட்டர் லாக் ஆவதும் ஒரு கியர் மாற்றம் போலவே உணரப்படுவதால், அதைச் சேர்த்து எண்ணி எல்லா கியரும் விழுகின்றன என்று ஏமாறுபவர்கள் பலர். மாற்றத்தின்போது வண்டி வேகமெடுக்காமல் என்ஜின் மட்டும் சீறி ஆர்பிஎம் உயர்ந்தால், அடுத்த கிளட்ச் பிடிப்பதற்குள் முந்தையது விட்டுவிட்டது. மாறாக, யாரோ பிரேக்கைத் தொட்டதுபோல் ஒரு நொடி வண்டி கட்டுண்டு நின்றால், முந்தையது விடுவதற்குள் அடுத்தது பிடித்துவிட்டது. பிறகு பாதி அழுத்தத்திலும், பாதுகாப்பான இடம் கிடைத்தால் முழு அழுத்தத்திலும் இதையே திரும்பச் செய்யுங்கள். பாரம் ஏறும்போது மட்டும் வழுக்கும் பெட்டியில் தட்டுகள் தேய்ந்திருக்கலாம், அல்லது பம்பின் அழுத்தம் போதாமல் இருக்கலாம்.

வழுக்கலை உணர்வால் மட்டும் தீர்மானிக்க வேண்டியதில்லை. எளிய கணக்கு ஒன்று அதைத் துல்லியமாகக் காட்டிவிடும். பெட்டிக்குள் நுழையும் தண்டின் வேகத்தை வெளியேறும் தண்டின் வேகத்தால் வகுத்தால், அந்த நொடியில் ஓடும் கியரின் விகிதம் கிடைக்கும். மூன்றாம் கியரின் விகிதம் 1.50 என்றும், வெளியேறும் தண்டு நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். உள்ளே நுழையும் தண்டு 1800 காட்ட வேண்டும். 2000 காட்டினால் 200 சுற்று வழுக்குகிறது. வகுத்துக் கிடைத்த விகிதம் அலைபாயாமல் வேறொரு கியரின் விகிதத்தோடு அப்படியே பொருந்திவிட்டால் அங்கே வழுக்கலே இல்லை. கணினி கேட்ட கியர் விழாமல் வேறு கியர் விழுந்திருக்கிறது. அது தேய்மானமன்று. சிக்கிய வால்வையோ, ஆயில் ஓட்டத்தை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டையோ தேட வேண்டும், அதற்குப் பெரும்பாலும் பெட்டியை வண்டியிலிருந்து இறக்காமலே வழியுண்டு. இந்த ஒரு வேறுபாட்டைக் காண்பதற்காகவே சாலைச் சோதனை செய்யலாம் என்பேன்.

வழுக்கும் கியர்கள் தெரிந்தபின், அந்தப் பெட்டிக்கான கிளட்ச் அட்டவணையை எடுத்து வையுங்கள். எந்தக் கியரில் எந்தெந்தக் கிளட்ச் பிடிக்கிறது என்பதைக் காட்டும் அட்டவணை அது. வழுக்கும் கியர்களுக்குப் பொதுவாக இருந்து, வழுக்காத கியர்களில் இல்லாத கிளட்ச்தான் குற்றவாளி. பழைய மூன்று கியர் பெட்டிகள் பலவற்றில் மூன்றாம் கியருக்கும் ரிவர்ஸுக்கும் ஒரே கிளட்ச். அவை இரண்டும் வழுக்கி மற்றவை நன்றாக இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். அத்தகைய பெட்டிகளில் 'டி' நிலையின் முதல் கியர் வழுக்கி, லீவரை '1'இல் வைத்தால் பிடிக்கிறது என்றால், ஒரு திசையில் மட்டும் பூட்டும் ஒன்வே கிளட்ச் போய்விட்டது என்று பொருள்.

லாக்அப்பைச் சோதிக்க, சூடேறிய வண்டியைச் சமதளத்தில் மணிக்கு 70 அல்லது 80 கிலோமீட்டரில் சீராக ஓட்டி, பின்னால் வண்டி இல்லாதபோது, ஆக்சிலரேட்டரை அசைக்காமல் இடது காலால் பிரேக் மிதியை மிக லேசாகத் தொடுங்கள். லாக்அப் விடுபட்டு ஆர்பிஎம் சற்று உயர வேண்டும், காலை எடுத்ததும் சிறிது நேரத்தில் இறங்க வேண்டும். உயரவே இல்லையென்றால் பெரும்பாலும் லாக்அப் ஆகவே இல்லை. அப்படியே தொடர்ந்தால் ஆயில் சூடேறிப் பெட்டியின் ஆயுள் குறையும். நேர்மாறாக லாக்அப் விடவே இல்லையென்றால், வண்டி நிற்கும்போது என்ஜின் திணறி அணைந்துவிடும். லேசான அழுத்தத்தில், சாலையோர எச்சரிக்கை மேடுகள்மேல் டயர் ஏறியதுபோல் ஓரிரு வினாடி அதிர்ந்து, பிரேக்கைத் தொட்டவுடன் நின்றுபோகும் அதிர்வு பெரும்பாலும் லாக்அப் கிளட்சிலிருந்து வருகிறது. என்ஜின் சரியாக எரியாததும் இதே இடத்தில் இதே போல் காட்டுமாதலால், ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் உடன் பார்த்துவிட்டே டார்க் கன்வர்ட்டரைக் குறை சொல்ல வேண்டும்.

பிறகு கீழிறங்கும் மாற்றங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் கிக்டவுன், அதாவது கீழ்க் கியருக்கு இறங்கும் மாற்றம், உடனே வர வேண்டும். அடுத்ததாகக் காலை எடுத்து வண்டியைத் தானே வேகம் குறைய விட்டு, நிற்கும் தறுவாயில் இடிக்கிறதா என்று கவனியுங்கள். ரிவர்ஸைச் சமதளத்தில் மட்டுமின்றி மேட்டிலும் ஏற்றிப் பாருங்கள். பலர் இதைச் செய்யாமலே திரும்பிவிடுகிறார்கள்.

சத்தம் வந்தால், அது எதைப் பின்தொடர்கிறது என்பதே முக்கியம். வண்டி நிற்கும்போதும் என்ஜின் ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஊளையிட்டால் பம்ப் அல்லது அடைபட்ட ஃபில்டர். கியரைப் பொருட்படுத்தாமல் வண்டியின் வேகத்தோடு மட்டும் கூடினால் டிஃபரென்ஷியலோ சக்கர பேரிங்கோ. சில கியர்களில் கேட்டு, விகிதம் 1.00 ஆன நேரடிக் கியரில் நின்றுபோனால், கியர் விகிதங்களைத் தரும் பிளானட்டரி கியர் தொகுதியின் பற்களோ பேரிங்குகளோ தேய்ந்திருக்கின்றன, ஏனெனில் நேரடிக் கியரில் அத்தொகுதி முழுதும் ஒன்றாகப் பூட்டிச் சுழல்கிறது.

வண்டி திடீரென ஒரே கியரில் நின்றுவிட்டு, என்ஜினை அணைத்துப் போட்டதும் பழையபடி ஓடினால், கணினி பெட்டியைக் காக்கத் தற்காப்பு நிலைக்குப் போயிருக்கிறது. உடனே பெட்டியைக் குறை கூறாமல், பேட்டரி மின்னழுத்தம், வயர் இணைப்புகள், வேக சென்சார்கள் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

இங்கே சொன்னவை டார்க் கன்வர்ட்டரும் படிக் கியர்களும் கொண்ட பெட்டிக்கு உரியவை. படிகள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சிவிடி பெட்டியில் கியர் மாற்றங்களை எண்ண முடியாது. இரட்டைக் கிளட்ச் பெட்டியில் டார்க் கன்வர்ட்டரே பெரும்பாலும் இருக்காது. அவற்றில் ஸ்டால் சோதனையைச் செய்து பார்க்கவும் வேண்டாம்.

திரும்பி வந்ததும் புதிய குறியீடு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, அடியில் கசிவையும் ஆயிலின் வாடையையும் மறுபடி சோதியுங்கள். வழுக்கல் உறுதியாகி, மின்சாரப் பக்கம் குறையில்லை என்றால், அடுத்த வேலை பிரஷர் கேஜைப் பொருத்தி அழுத்தத்தை அளப்பது. அழுத்தம் சரியாக இருந்தும் வழுக்கினால், அடித்தட்டைக் கழற்றி அதில் படிந்திருக்கும் துகள்களைப் பார்த்த பிறகே பெட்டியை இறக்க வேண்டும்.