இரண்டு சர்வருக்கும் பொதுவாக ஒரு வளவு: இஎஃப்எஸ் பொருத்துவது எப்படி

காரைக்குடியில் எங்கள் அம்மான் ஆத்தங்குடி டைல்ஸ் வியாபாரம் செய்கிறார். அவருடைய வேர்ட்பிரஸ் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தையில் கிரகப்பிரவேசம் வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையிலேயே தரைக்குக் கல் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தை ஒரு சர்வர் தாங்காது என்று இரண்டாவதைச் சேர்த்து, முன்னால், வருபவர்களை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் வைத்தேன். மறுநாளே போன் வந்தது. "தம்பி, நேத்துப் போட்ட பூ டிசைன் ஒரு தடவை தெரியுது, மறு தடவை காணோமே!"

படம் ஏறியது ஒரு சர்வரில், பார்க்க வந்தவர் போனது இன்னொன்றுக்கு. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பங்காளிகளுக்குத் தனித்தனி அறை, தனித்தனி அடுப்பு. விசேஷமென்றால் எல்லோருக்கும் வளவு (நடு முற்றம்) பொது. சர்வர்களையும் அப்படித்தான் வைக்க வேண்டும். வேர்ட்பிரஸ் நிரல் அவரவர் வட்டில் இருக்கட்டும். ஏற்றிய படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் கோப்புறை மட்டும் பொதுவுக்கு வரட்டும். மொத்தத் தளத்தையும் பொதுவில் போடாதீர்கள். ஒரு பக்கம் திறக்க நூற்றுக்கணக்கான பிஎச்பி கோப்புகளைப் படிக்க வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் வழியாகப் போய்வந்தால் தளம் ஊர்ந்துதான் போகும்.

சர்வர்கள் அமேசானில் இருப்பதால் அங்கேயே இருக்கும் இஎஃப்எஸ்ஸை (பல சர்வர்கள் நெட்வொர்க் வழியாக ஒரே நேரத்தில் பயன்படுத்தும் பொதுக் கோப்புச் சேமிப்பு) எடுத்துக்கொண்டேன். படங்களுக்கு அமேசானின் இன்னொரு சேமிப்புச் சேவையான எஸ்3 இதைவிட மலிவு. ஆனால் பல பிளக்-இன்கள் உண்மையான கோப்புறை இருப்பதாக நம்பி எழுதுகின்றன, அதனால் என் ஓட்டு இஎஃப்எஸ்ஸுக்கு.

சர்வர்கள் இருக்கும் அதே ரீஜனில் (எங்களுக்கு மும்பை) ஃபைல் சிஸ்டத்தை உருவாக்குங்கள். சர்வர் இருக்கும் ஒவ்வொரு அவெய்லபிலிட்டி ஸோனிலும் (ரீஜனுக்குள் இருக்கும் தனித்தனி டேட்டா சென்டர் பகுதி) ஒரு மவுண்ட் டார்கெட் (சர்வர் இஎஃப்எஸ்ஸோடு இணையும் முகவரி) வேண்டும். அதற்கென்று தனி செக்யூரிட்டி குரூப் (எந்தப் போர்ட்டுக்கு யார் வரலாம் என்ற விதிகள்) வைத்து, வெப் சர்வர்களின் செக்யூரிட்டி குரூப்பிலிருந்து மட்டும் டிசிபி 2049 போர்ட்டைத் திறந்துவிடுங்கள். மவுண்ட் கட்டளை (ஃபைல் சிஸ்டத்தை சர்வரின் ஒரு கோப்புறையில் பொருத்துவது) கொடுத்ததும் பிழை எதுவும் சொல்லாமல் அப்படியே நின்றால், முதலில் இந்தப் போர்ட்டைப் பாருங்கள்.

அடுத்தது என்னை இரண்டு நாள் உட்கார வைத்த இடம். இரண்டு சர்வரிலும் மவுண்ட் ஆகிவிட்டது, படங்களும் தெரிந்தன. ஆனால் புதுப் படம் ஏற்றினால் ஒரு தடவை ஏறும், அடுத்த தடவை அனுமதி இல்லை என்று வரும். பழைய சர்வர் உபுண்டு, புதியது அமேசான் லினக்ஸ். உபுண்டுவில் வெப் சர்வர் ஓடும் பயனரின் எண் 33. அமேசான் லினக்ஸில் அப்பாச்சி பயனரின் எண் 48. இஎஃப்எஸ் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. 33 உருவாக்கிய கோப்புறையில் 48 படிக்கலாம், எழுத முடியாது. 777 அனுமதி (யார் வேண்டுமானாலும் எழுதலாம்) கொடுத்தால் தீரும் என்று பலர் சொல்வார்கள். வேண்டாம், அது வாசல் கதவைக் கழற்றி வைப்பது போல.

சரியான வழி ஆக்சஸ் பாயின்ட். இஎஃப்எஸ் பக்கத்திலேயே ஒன்றை உருவாக்கி, பயனர் எண், குழு எண் இரண்டையும் 33 என்று கொடுங்கள். அதன் மூலக் கோப்புறைக்கு உரிமையாளர் 33, அனுமதி 755 (உரிமையாளர் மட்டும் எழுதலாம்). இனி இதன் வழியாக மவுண்ட் செய்தால், எந்த சர்வரிலிருந்து யார் எழுதினாலும் 33 எழுதியதாகவே பதியும். இதற்கு இஎஃப்எஸ்-யூட்டில்ஸ் தொகுப்பு வேண்டும். அமேசான் லினக்ஸில் நேரடியாக நிறுவலாம். உபுண்டுவில் நான் மூல நிரலிலிருந்து கட்டி ஏற்றினேன்.

அப்புறம், ரீபூட்டுக்குப் பிறகும் மவுண்ட் இருக்க எஃப்எஸ்டேப் கோப்பில் (சர்வர் எழும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்ய வேண்டும் என்ற பட்டியல்) ஒரு வரி சேர்க்க வேண்டும். வகை இஎஃப்எஸ், விருப்பங்களில் டிஎல்எஸ் (போகும் வழியில் மறையாக்கம்), ஆக்சஸ் பாயின்ட் அடையாளம் இரண்டோடு, அடிக்கோட்டில் தொடங்கும் நெட்டெவ்வும் நோஃபெயிலும் கட்டாயம். நெட்டெவ் இருந்தால் நெட்வொர்க் வரும்வரை காத்திருக்கும். நோஃபெயில் இல்லையென்றால், மவுண்ட் தோற்கிற நாளில் சர்வரே எழாமல் போகலாம். எழுதியதும் சர்வர்களை ஒவ்வொன்றாக ரீபூட் செய்து பாருங்கள். ஒன்றில் படம் ஏற்றி, மற்றதன் உள் முகவரியில் நேராகத் திறந்து பார்த்தபின் லோட் பேலன்சரில் சேருங்கள்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்த தேவகோட்டை நண்பர் ஒருவர், மவுண்ட் செய்ததும் பழைய படங்கள் எல்லாம் போய்விட்டன என்று பதறிப் பேசினார். எதுவும் போகவில்லை. கோப்புகள் இருக்கும் கோப்புறைமேல் மவுண்ட் செய்தால் அவை அடியில் மறைந்துவிடும். அன்மவுண்ட் செய்தால் திரும்பத் தெரியும். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். முதலில் வேறொரு காலிக் கோப்புறையில் மவுண்ட் செய்து, ஆர்சிங்க் வைத்துப் பழைய படங்களை நகலெடுங்கள். வழக்கமான ஆர்கைவ் விருப்பத்தைக் கொடுத்தால் உரிமையாளரை மாற்ற முடியவில்லை என்று பிழைகள் கொட்டும், ஏனென்றால் ஆக்சஸ் பாயின்ட் அதை அனுமதிக்காது. உள்கோப்புறைகள், நேரம் இரண்டுக்குமான விருப்பங்கள் மட்டும் போதும். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்லோட்ஸ் மேல் மவுண்ட் செய்யுங்கள். அடியில் கிடக்கும் பழைய நகலை ஒரு மாதம் அப்படியே விட்டு வையுங்கள்.