நூல் கோத்துப் படித்த கபால நரம்புகள்
12 நரம்புகளின் பெயரும் மனப்பாடம். ஆனால் கண்குழிக்குப் பின்னால் மண்டை ஓட்டுக்குள் இருக்கும் சிரை ரத்த அறையான கேவர்னஸ் சைனஸ் மட்டும் பிடிபடவில்லை. தட்டையான குறுக்குவெட்டுப் படத்தில் எது எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? கணினியில் முப்பரிமாண மாதிரியைத் திறந்து, எலும்பை மங்கலாக்கி, கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் 6ஆவது நரம்பைத் தவிர மற்ற நரம்புகளை மறைத்தேன். மூளைத்தண்டிலிருந்து மேலேறி, சைனஸுக்குள்ளேயே, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியை ஒட்டிப் போகிறது. 3, 4, அப்புறம் 5இன் முதல் இரு கிளைகள் பக்கச் சுவரில். அங்கே தமனி வீங்கினால் கண்ணை வெளிப்பக்கம் திருப்ப முடியாமல் போவது ஏன் என்று சட்டென்று விளங்கியது.

5இன் மூன்று கிளைகளுக்கு பிளாஸ்டிக் மண்டை ஓட்டில் வண்ண நூல் கோத்தேன்: மேல் கண்குழிப் பிளவு, வட்டத்துளை, நீள்வட்டத்துளை. திரையைவிட இதுதான் மனதில் நிற்கிறது. 4ஆவதற்கு மட்டும் திரையே சரி. அது மூளைத்தண்டின் பின்புறம் கிளம்பிச் சுற்றி வருகிற விசித்திரப் பேர்வழி.