துருவை எடுக்கப் போய்க் கத்தியைக் கெடுக்காதீர்கள்

கத்தியில் கறை தெரிந்ததும் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்துவிடுகிறோம். அது துருதானா என்று முதலில் பாருங்கள். கார்பன் எஃகுக் கத்தி புழங்கப் புழங்கச் சாம்பலும் நீலமுமாகக் கறுக்கும். அது கெடுதல் இல்லை. செந்துரு சட்டென்று பற்றாமல் ஓரளவு காப்பதே அந்தக் கறுப்புதான். ஈரமான வெள்ளைத் துணியால் துடையுங்கள். செம்பழுப்பாக ஒட்டினால் துரு. ஒட்டாவிட்டால் பேசாமல் விட்டுவிடுங்கள்.

நிறையப் பேர் சறுக்குவது வினிகரில். துரு தீர்ந்ததும் அமிலம் நின்றுவிடாது, அடியிலுள்ள நல்ல இரும்பையும் அரிக்கும். நான் ஒருமுறை ஊறப்போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் துரு இல்லைதான். ஆனால் வினிகர் நின்ற மட்டத்தில் அலகின் குறுக்கே ஒரு கோடு, அதற்குக் கீழே மங்கல் சாம்பல், நகத்தால் வருடினால் சொரசொரப்பு. கூர் போன இடம் தெரியவில்லை. கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் வினிகரில் நனைத்த துணியைத் துருவின் மேல் மட்டும் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் அமிலமே புதுத் துருவைக் கிளப்பும். வேகம் போதவில்லையென்று வினிகரோடு பிளீச்சைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

லேசான துருவுக்குச் சோடாவைக் குழைத்துப் பூசிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாலே போதும். எடுத்த எடுப்பில் முரட்டு உப்புத்தாள் வேண்டாம். அது போடும் கீறல்களில் ஈரம் தங்கும், அடுத்த துரு அங்கேதான் பிடிக்கும். எவர்சில்வர் கத்தியை இரும்பு நாரால் தேய்த்தால் நாரின் துணுக்குகள் அலகில் ஒட்டித் துருப்பிடிக்கும், பழி கத்திக்கு. எதால் தேய்த்தாலும் கத்தியைப் பலகையில் படுக்க வைத்து, முதுகிலிருந்து கூர்ப் பக்கமாகத் தள்ளுங்கள். எதிர்த்திசையில் போனால் விரல் மிஞ்சாது.

இயந்திரச் சக்கரத்தில் பிடிப்பதுதான் மோசம். சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று என்று அர்த்தம். சுமார் 300 டிகிரி செல்சியஸில் வரும் நிறம் அது. பதம் போன பகுதி முழுக்கத் தேய்ந்து போகும்வரை, எத்தனை முறை சாணை பிடித்தாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது.

துடைத்த கத்திக்குச் சமையல் எண்ணெய் தடவி மாதக்கணக்கில் வைத்தால் சிக்கடித்துப் பிசுபிசுக்கும். உணவுக்கு உகந்த மினரல் ஆயில் இரண்டு சொட்டு போதும். தோல் உறைக்குள் மட்டும் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.