ஹேட்ச்பேக்கா, செடானா: டிக்கியைத் திறந்து பார்த்து முடிவு செய்வது எப்படி

பின்கதவைத் திறங்கள். பின்கண்ணாடியும் கதவோடு சேர்ந்து மேலே போனால் அது ஹேட்ச்பேக். கண்ணாடி அசையாமல் நிற்க, அதற்குக் கீழே உள்ள மூடி மட்டும் திறந்தால் செடான். மற்ற வித்தியாசங்கள் பெரும்பாலும் இதிலிருந்து வருபவைதான். ஹேட்ச்பேக்கில் ஆட்கள் உட்காரும் இடமும் சாமான் வைக்கும் இடமும் ஒரே அறை. செடானில் டிக்கி தனி அறை. அப்படிப் பார்த்தால் பஞ்ச், நெக்ஸான் என்று எஸ்யூவி பெயரில் விற்பவற்றுக்கும் ஹேட்ச்பேக் கதவுதான். தரையிலிருந்து உயரமும் இருக்கை உயரமும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. எர்டிகா மாதிரி எம்பிவியில், அதாவது குடும்பமாகப் போகும் பெரிய வண்டியில், மூன்றாவது வரிசை இருக்கை சேரும். அந்த வரிசையில் ஆள் உட்கார்ந்தால் டிக்கி சுருங்கிவிடும்.

நம் ஊர் சிறு செடான்களின் வால் ஏன் வெட்டியதுபோல் இருக்கிறது என்றால், வரிதான் காரணம். 4 மீட்டருக்குள் நீளமும் சிறிய இன்ஜினும் உள்ள கார்களுக்கு 2006-ல் கலால் வரி குறைந்தது. ஸ்விஃப்ட் ஹேட்ச்பேக்கின் செடான் வடிவமாக 2008-ல் வந்த ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4160 மி.மீ.; 2012-ல் வந்த அடுத்த டிசையர் 3995 மி.மீ. இன்றும் 4000 மி.மீ. நீளத்துக்கும், பெட்ரோலில் 1200 சிசி, டீசலில் 1500 சிசிக்கும் உட்பட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. ஆகவே சந்து முனையில் திருப்பவும் பார்க்கிங்கில் நுழைக்கவும் ஹேட்ச்பேக்தான் வசதி என்ற பேச்சு இந்தச் சிறு செடான்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. புதிய ஸ்விஃப்டுக்கும் டிசையருக்கும் நீள வித்தியாசம் பதின்மூன்றரை செ.மீ.தான்.

டிக்கி அளவில் ஸ்விஃப்ட் 265 லிட்டர், டிசையர் 382. இந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான். ஹேட்ச்பேக்கின் எண் பொதுவாக பார்சல் ட்ரே (பின்சீட்டுக்குப் பின்னால் டிக்கியை மூடும் தட்டு) வரைக்குமான அளவு. ட்ரேயைக் கழற்றி பின்சீட்டை மடித்தால் கதை மாறிவிடும். இங்கே விற்கும் சிறு செடான்கள் பலவற்றில் பின்சீட் மடங்காது.

ஷோரூமுக்கு டேப்பும், வீட்டில் உள்ளதில் பெரிய சூட்கேஸும் கொண்டு போங்கள். டிக்கி வாயின் மிகக் குறுகலான இடத்தில் அகலம், வாயின் உயரம், உள்ளே இரு சக்கர வளைவுகளுக்கு நடுவே அகலம், வாய் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் ஆகிய நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அரிசி மூட்டையை விளிம்புக்கு மேல் தூக்கித்தான் உள்ளே இறக்க வேண்டும் என்பதால் கடைசி அளவு இடுப்புக்கு முக்கியம். செடானில் மூடியைத் தாங்கும் வளைந்த கம்பிகள் மூடும்போது டிக்கிக்குள் இறங்கும். சூட்கேஸை வைத்து மூடிப் பார்க்காவிட்டால் இது தெரியாது. வீட்டுக்கு வந்தபின் பெட்டியின் மூலை நசுங்கியபிறகே தெரியும். ஹேட்ச்பேக்கில் பின்சீட் 60:40 என இரண்டு துண்டாகத் தனித்தனியே மடங்குமா, முழுதாக ஒரே பலகையா என்று பாருங்கள். முழுப் பலகை என்றால் நீளமான சாமான் ஏற்றும் நாளில் பின்னால் ஒருவர்கூட உட்கார முடியாது.

சிஎன்ஜி வாங்குபவர்கள் சிலிண்டர் வைத்த வண்டியின் டிக்கியையே திறந்து பார்க்க வேண்டும். ஆல்ட்ராஸில் இரண்டு சிறு சிலிண்டர்களைத் தளத்துக்கு அடியில் வைத்தும்கூட 345 லிட்டர் டிக்கி 210 ஆகிறது. ஒரே பெரிய சிலிண்டர் என்றால் ஒரு பை வைக்கவே யோசிக்க வேண்டும்.

ஹேட்ச்பேக் ஓடும்போது வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பும் தூசியும் சேறும் பின்கண்ணாடியில் போய் ஒட்டும். செடானில் இது குறைவு. எனவே பின் வைப்பர் இல்லாத அடிப்படை வேரியன்ட்டில் மிச்சமாகும் பணம் முதல் மழையில் கண்ணை உறுத்தும். ஒரே அறை என்பதால் மீன் வாங்கி வந்தால் வாசனையும் கூடவே உட்காரும். கனமான சாமானைத் தளத்தில், சீட் முதுகை ஒட்டி வையுங்கள். சீட் முதுகுக்கு மேல் அடுக்கினால் திடீர் பிரேக்கில் அது முன்னால் பறந்து வரும். டிக்கியைத் திறந்தபடி ஓட்டவே கூடாது, புகைக்குழாயின் நச்சுப்புகை உள்ளே இழுபடும்.

பழைய ஹேட்ச்பேக் வாங்குகிறீர்களா? கதவைப் பாதி தூக்கிக் கையை விடுங்கள். தானாக இறங்கினால் கேஸ் ஷாக் (கதவைத் தாங்கும், வாயு அடைத்த தண்டு) போய்விட்டது. மாற்றுவது எளிது. ஒருவர் கதவைத் தாங்கிப் பிடிக்க, தட்டை ஸ்க்ரூடிரைவரால் இரு முனைகளிலும் உள்ள கிளிப்பை லேசாக நெம்பினால் பந்துமூட்டிலிருந்து ஷாக் கழன்று வரும். புதியதைப் பழையது இருந்த திசையிலேயே மாட்டுங்கள். கதவு மூடியிருக்கும்போது மெல்லிய கம்பி கீழ்நோக்கி இருந்தால்தான் உள்ளிருக்கும் எண்ணெய் சீலில் தங்கும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து கேஸ் சீக்கிரம் கசிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரு பக்க விசையும் சமமில்லாமல் கதவு முறுக்கிக்கொள்ளும், ஜோடியாகவே மாற்றுங்கள்.